சென்னைச் சம்பளம், தென்காசிச் செலவு

[காட்சி: ஞாயிறு மாலை. செங்கோட்டை ரயில் நிலையம். நடைமேடையில் பொதிகை எக்ஸ்பிரஸ்.]

ஞாயிற்றுக்கிழமை மாலை செங்கோட்டையிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. பொங்கல் முடிந்த ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். முதுகில் லேப்டாப் பை, கையில் வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, காதில் அம்மாவின் ‘போய்ச் சேர்ந்ததும் போன் போடு’. தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் இப்படிப்பட்டவர்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள்.

அவர்களோடு அவர்களுடைய சம்பளமும் ஊரைவிட்டுப் போகிறது. ஊர் வளர்த்து, படிக்கவைத்து அனுப்பிய பிள்ளை, சம்பாதிக்கிற பணத்தைச் செலவழிப்பதெல்லாம் வேறு ஊரில்.

வீட்டிலிருந்தே வேலை என்ற ஏற்பாடு இதை மாற்றுமா? மாற்றினால் ஊருக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

[காட்சி: வெள்ளைத் திரை. ஒரு 100 ரூபாய் நோட்டு. அதிலிருந்து அம்புக்குறிகள்.]

சென்னை நிறுவனம் ஒன்றில் மாதம் 50,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் தங்கியிருந்தால் வாடகை, மெஸ், பெட்ரோல், வாரக் கடைசிச் செலவு எல்லாம் அங்கேயே கரைந்துவிடும். வீட்டுக்கு அனுப்பும் தொகை மட்டும்தான் ஊரின் பங்கு. அதே ஆள் தென்காசிக்குப் பக்கத்துப் பாவூர்ச்சத்திரத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தால், பால்காரர், மளிகைக் கடை, தையற்கடை, குழந்தைக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர், மாடியில் ஒரு அறை கட்டவந்த கொத்தனார் என்று பணம் உள்ளூர்க் கைகளுக்குப் போகிறது.

போன பணம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. கொத்தனார் தன் கூலியில் ஒரு பகுதியை உள்ளூர் டீக்கடையில் கொடுக்கிறார். டீக்கடைக்காரர் பால்காரருக்குக் கொடுக்கிறார். ஒவ்வொருவரும் தன் கைக்கு வந்த 100 ரூபாயில் 50 ரூபாயை உள்ளூரிலேயே செலவழித்தால், முதலில் வந்த 100 ரூபாய் சுற்றிச் சுற்றி மொத்தம் 200 ரூபாய்க்கான வருமானத்தை உண்டாக்கும். 100, 50, 25, 12.50 என்று கூட்டிக்கொண்டே போனால் அங்கேதான் போய் நிற்கும். உள்ளூரில் செலவாவது 20 ரூபாய்தான் என்றால் மொத்தம் 125 ரூபாயோடு கதை முடிந்துவிடும். பொருளாதாரத்தில் இதைப் பெருக்கி விளைவு என்கிறார்கள்.

இந்த 50க்கும் 20க்கும் இடையில்தான் எல்லாமே இருக்கிறது. ஊரில் உட்கார்ந்துகொண்டு செருப்பு முதல் சீப்பு வரை செயலியிலேயே ஆர்டர் போட்டு வாங்குகிற ஒருவர், உடம்பால் பாவூர்ச்சத்திரத்திலும் பணத்தால் வேறெங்கோவும் வாழ்கிறார். வங்கிக் கடன் தவணை, மொபைல் கட்டணம், காப்பீட்டு பிரீமியம் ஆகியவையும் ஊரைத் தாண்டிப் போகிற பணம்தான். சம்பளம் ஊருக்கு வந்துவிட்டது என்று மாலை போடுவதற்கு முன்னால், அது ஊரில் எத்தனை கை மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

[காட்சி: அமெரிக்க வரைபடம். ஓக்லஹோமா மாநிலம் நிறம் மாறுகிறது.]

இந்தக் கணக்கை நம்பிப் பணத்தை இறக்கிய ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் துல்சா. ஒரு காலத்தில் ‘உலகின் எண்ணெய்த் தலைநகரம்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஊர் அது. 2018 நவம்பரில் அங்கே ஒரு திட்டம் அறிவித்தார்கள்: தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் துல்சாவுக்கு வந்து ஓராண்டு தங்கினால் 10,000 டாலர் மானியம். பணம் கொடுத்தது அரசு இல்லை. ஜார்ஜ் கைசர் குடும்ப அறக்கட்டளை. அப்படிக் குடியேறியவர்கள் 3,000 பேருக்கு மேல்.

எனக்குப் பிடித்தது அதில் இருந்த ஒரு நிபந்தனை. விண்ணப்பிப்பவரின் வேலை ஓக்லஹோமாவுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளூர் வேலையையே பங்கு போட வருகிறவர் வேண்டாம், வெளியூர்ச் சம்பளத்தோடு வருகிறவர் வேண்டும் என்பதுதான் அதன் பொருள். விவரமான ஆட்கள்! அங்கே நகராட்சியின் அன்றாடச் செலவுக்குப் பெரிய ஆதாரம் விற்பனை வரி. குடியேறியவர் கடைக்குப் போனாலே நகராட்சிப் பெட்டிக்கும் காசு விழும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் என்ரிகோ மொரெட்டி, அமெரிக்க நகரங்களில் ஒரு உயர்தொழில்நுட்ப வேலை காலப்போக்கில் ஐந்து பிற வேலைகளை உள்ளூரில் உண்டாக்குகிறது என்று கணக்கிட்டிருக்கிறார். முடிதிருத்துபவர், வழக்கறிஞர், ஆசிரியர், உணவக ஊழியர் எல்லாரும் அந்த ஐந்தில் அடக்கம். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டுவந்து தென்காசி மேல் அப்படியே ஒட்ட முடியாது. சம்பள அளவு வேறு, செலவுப் பழக்கம் வேறு.

[காட்சி: மேற்குத் தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் மத்தளம்பாறை.]

நம் பக்கம் இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் சொல்வது மத்தளம்பாறை. தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கிராமத்தில் சோஹோ நிறுவனம் 2011இல் அலுவலகம் தொடங்கியது. வாடிக்கையாளர் சேவைக்கான அதன் ‘சோஹோ டெஸ்க்’ மென்பொருள் அங்கே உருவானது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு கலிஃபோர்னியாவை விட்டு வந்து தென்காசிப் பக்கமே குடியேறிவிட்டார்.

ஆனால் மத்தளம்பாறை வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான உதாரணம் இல்லை. அங்கே அலுவலகமே கிராமத்துக்கு வந்தது. கட்டடம், பூட்டு, காவலாளி, உணவகம் எல்லாம் ஊருக்குள் இருக்கின்றன. நாம் பேசுவது, அலுவலகம் சென்னையிலேயே இருக்க ஆள் மட்டும் ஊரில் இருக்கிற நிலையைப் பற்றி. காவலாளி வேலையும் உணவக வேலையும் இதில் கிடையாது. ஆனால் ஒரு பெரிய நிறுவனம் வந்து கடைக்கால் போடும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

[காட்சி: செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கம். விரல் ஒன்று ‘நாளை மின்தடை’ பகுதியைத் தொடுகிறது.]

அப்படியானால் ஊரில் என்ன வேண்டும்? ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

‘பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்விநியோகம் இருக்காது.’ ஊரில் மற்றவர்கள் மிக்சி போடுகிற நேரத்தை மாற்றிக்கொள்வதற்காகப் படிக்கிற அறிவிப்பு இது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு இது பஞ்சாங்கத்தில் ராகு காலம். முதல் நாளே இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் அளவைப் பார்த்துவைப்பார். பேட்டரி விற்றவர் உள்ளூர்க் கடைக்காரர், அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டுப் போகிறவர் உள்ளூர் எலக்ட்ரீஷியன். இணையம் அறுந்தால் முதலில் கூப்பிடுவது பழைய கேபிள் டிவிக்காரரைத்தான். பல சிற்றூர்களில் தொலைக்காட்சிக்கு வயர் இழுத்தவரே இப்போது ஃபைபரும் இழுக்கிறார். இரவு எட்டு மணிக்குக் கம்பத்தில் ஏறி இணைப்பைச் சரிசெய்ய ஒரு ஆள் கையெட்டும் தூரத்தில் இருப்பதன் மதிப்பு, மாதக் கடைசி நாள் அதிகாரியோடு வீடியோ கூட்டத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுசேர்ப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். ஊராட்சி அலுவலகம்வரை கேபிள் வந்தால் போதாது. அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். அந்த வேலை கேபிள்காரர் கையில்.

அடுத்தது இடம். இரண்டு அறை வீட்டில் பாட்டி டிவி பார்க்க, குழந்தை அழ, குக்கர் விசில் அடிக்க, வேலை செய்வது சுலபம் இல்லை. ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், ரேஷன் கடைக்கு ஒரு நடை போய்விட்டு வா’ என்பது தனித் தொல்லை. மாப்பிள்ளை ஊரிலேயே இருக்கிறார் என்றால் பெண் வீட்டார் இன்னும் ஒருமுறை விசாரிக்கத்தான் செய்கிறார்கள்.

சென்னை கொளத்தூரில் 2024இல் அரசு திறந்த முதல்வர் படைப்பகத்தில், குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை செய்ய இடம் இருக்கிறது. விழுப்புரம், சேலம், தஞ்சாவூர், தூத்துக்குடியில் சிறிய டைடல் பூங்காக்கள் வந்துவிட்டன. அவை நிறுவனங்களுக்கானவை. கடையத்திலோ சுரண்டையிலோ பத்து நாற்காலி, நல்ல இணையம், ஒரு ஜெனரேட்டர், சுத்தமான கழிப்பறை உள்ள ஒரு கூடம் போதும். இதில் அதிகம் பயனடையப்போவது, கல்யாணத்துக்குப் பிறகு ஊர் திரும்பி வேலையை விட்ட பெண்கள் என்பது என் எண்ணம். நகரத்து அலுவலகம் அவர்களுக்கு எட்டாத தூரம். வீட்டுக்குள் வேலை என்றாலோ, அடுப்படி கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

[காட்சி: தொழில் வரி ரசீது. முகவரிக் கட்டம் பெரிதாகிறது.]

யாரும் அதிகம் பேசாத ஒன்று தொழில் வரி. தமிழ்நாட்டில் இது உள்ளாட்சிகளுக்குச் சேரும் வரி. அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 250 ரூபாயாக இருந்த அந்த உச்சவரம்பு 1988இல் உயர்த்தப்பட்டது, அதோடு சரி. அரையாண்டுக்கு ஒருமுறை நிறுவனம் சம்பளத்தில் பிடித்து, அலுவலகம் இருக்கிற இடத்தின் உள்ளாட்சிக்குக் கட்டுகிறது.

ஆகவே பாவூர்ச்சத்திரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவரின் தொழில் வரி நடைமுறையில் சென்னை மாநகராட்சிக்குப் போகிறது. அவர் நடக்கிற தெருவிளக்குக்கும், குடிக்கிற தண்ணீருக்கும், அவர் வீட்டுக் குப்பைக்கும் பொறுப்பு உள்ளூர் ஊராட்சி. ஓர் ஊராட்சியில் இப்படி 100 பேர் இருந்து, உச்ச அளவில் வரி கட்டினால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய். நான் சொன்ன பத்து நாற்காலிக் கூடத்தின் மின்கட்டணத்துக்கு இது தாராளம். துல்சாவுக்குக் கடையில் விழுகிற காசு, இங்கே ஜிஎஸ்டியாக மத்திய, மாநில அரசுகளுக்குப் போய்விடுகிறது. வசிக்கும் இடத்து உள்ளாட்சிக்கே தொழில் வரி சேரும்படி விதியை மாற்றுவது பெரிய கம்பசூத்திரம் இல்லை.

[காட்சி: ஊராட்சி அலுவலக வாசல். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள்.]

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரி விதியை கிராம சபை மாற்ற முடியாது. ஆனால் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதவைக்கலாம். கூடத்துக்கு இடம் கேட்கலாம். அதற்கு உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். சென்னையில் வாடகை வீட்டு முகவரிக்குப் பெயரை மாற்றியவர்கள், வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8 கொடுத்து அதை ஊருக்குத் திருப்பிக்கொள்ளலாம்.