ஒரே ஒரு படம்

வணக்கம். திரையிடலுக்கு முன் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். இன்று பார்க்கப்போவது 'தி நைட் ஆஃப் த ஹண்டர்', நடிகர் சார்லஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம். கதையைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

சார்லஸ் லாட்டன் 1899இல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில், ஓட்டல் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். பருத்த உடம்பு, தொங்கும் கன்னம். கதாநாயகன் ஆகிற முகமில்லை. லண்டன் மேடையில் பெயர் வாங்கி சினிமாவுக்கு வந்து, எட்டாம் ஹென்றி மன்னராக நடித்த 1933ஆம் வருடப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். 1939இல் நாத்ர் தாம் தேவாலயக் கூனனாக நடித்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் கலிபோர்னியாவில் அகதியாக இருந்தபோது, அவருடைய கலிலியோ நாடகத்தை அவரும் லாட்டனும் சேர்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது. பிரெக்டுக்கு ஆங்கிலம் தடுமாற்றம். அப்புறம் எப்படி? நடித்துக் காட்டித்தான்! ஒரு வரிக்கு உடம்பு எப்படி நிற்கிறது, கை எங்கே போகிறது என்று பார்த்து, அதற்கேற்ற சொல்லைத் தேடினார்கள். 1947இல் அந்த நாடகத்தில் லாட்டனே கலிலியோ. அவருக்குள் இருந்த இயக்குநர் அங்கேதான் உருவானார் என்பது என் கட்சி.

1955இல் வெளிவந்ததுதான் 'தி நைட் ஆஃப் த ஹண்டர்'. படத்துக்கு முன் அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் மௌனப் படங்களைப் போட்டுப் பார்த்தார். அந்தப் படங்களின் நாயகி லில்லியன் கிஷ்ஷையே கூட்டிவந்தார். தொலைவில் குதிரையில் போகும் வில்லனைக் கவனியுங்கள். அது வில்லனாக நடித்த ராபர்ட் மிட்சம் இல்லை. உயரம் குறைந்த ஒருவரைச் சின்னக் குதிரையில் ஏற்றி, ஸ்டூடியோவுக்குள்ளேயே தூரத்தை உண்டாக்கிவிட்டார்கள். நாடகக் கொட்டகைத் தந்திரம்தானே இது!

குழந்தைகளை லாட்டனுக்குப் பிடிக்காது, படத்தில் வரும் சிறுவனையும் சிறுமியையும் மிட்சம்தான் நடிக்க வைத்தார் என்று வெகுகாலம் ஒரு கதை உலவியது. ஆனால் படத்தில் சேராத பல மணி நேரச் சுருள்கள் பத்திரமாக இருந்தன. கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டு, பக்கத்தில் நின்றபடி லாட்டன் அந்தச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் வசனம் எடுத்துக் கொடுக்கிறார். பொறுமையாக, திரும்பத் திரும்ப. அந்தக் கதை அதோடு சரி.

படம் ஓடவில்லை. அடுத்து ஒரு போர் நாவலைப் படமாக்க முனைந்தார், அதுவும் கைவிட்டுப் போனது. மறுபடி நடிக்கப் போனார். 1957ஆம் வருடப் படம் ஒன்றில் வழக்கறிஞர் வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரைகூட வந்தது. 1962இல் இறக்கும்வரை இன்னொரு படம் இயக்கவில்லை.

சரி, விளக்கை அணைக்கலாம்.