உள்ளங்கை வியர்வைக்குச் சீன வைத்தியம் என்ன சொல்கிறது?

(திரையில்: பரீட்சை எழுதும் கை. விடைத்தாளில் மை ஊறிப் பரவுகிறது)

உடம்பெல்லாம் காய்ந்திருக்கும், உள்ளங்கை மட்டும் சொதசொதவென்று நனைந்திருக்கும். இப்படி ஒருவர் வந்தால் சீன மரபு வைத்தியர் முதலில் கேட்பது இரண்டு கேள்வி. எங்கே வியர்க்கிறது? எப்போது வியர்க்கிறது?

பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வியர்த்தால், தோலின் துவாரங்களைத் திறந்து மூடும் 'வெய் சீ' என்ற காப்புச் சக்தி தளர்ந்துவிட்டது என்பார்கள். தூக்கத்தில் வியர்த்து, விழித்ததும் நின்றுபோனால் அது 'தாவ் ஹான்', அதாவது திருட்டு வியர்வை. அதற்கு 'யின்', அதாவது உடம்பைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைக்கும் தன்மை, குறைந்ததைக் காரணம் காட்டுவார்கள். கை, காலில் மட்டும் என்றால் மண்ணீரல், வயிறு பக்கம் பார்ப்பார்கள். ஸ்கேனில் தெரிகிற மண்ணீரல் இல்லை இது. செரிமானத்தைக் கவனிக்கும் ஒரு பொறுப்புக்கு வைத்த பெயர்.

(திரையில்: காய்ந்த தண்டும் வேரும் பக்கத்துப் பக்கத்தில்)

அப்புறம் மருந்து. 'மு லி சான்' என்ற பழைய கலவையில் சிப்பி ஓடு, ஹுவாங் சி வேர், தண்ணீரில் போட்டால் மிதக்கும் சூம்பிய கோதுமை, மா ஹுவாங் வேர் எல்லாம் சேரும். மா ஹுவாங் என்பது எபிட்ரா செடி. அதன் தண்டு வியர்க்க வைக்கும், வேர் வியர்வையை நிறுத்தும் என்பது அவர்கள் கணக்கு. அக்குபங்சரிலும் இதே கதைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஹெகு, உள்கணுக்காலுக்குச் சற்று மேலே ஃபூலியூ. ஊசியைக் கையாளும் விதத்தை மாற்றினால் அதே இரண்டு புள்ளிகள் வியர்வையை வரவழைக்கவும் செய்யும், அடக்கவும் செய்யும் என்கிறார்கள்.

வேர் கேட்டுத் தண்டு வந்துவிட்டால் வம்பு. தண்டில் உள்ள எபிட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். எபிட்ரின் வகை சேர்ந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-இல் தடைசெய்தது.

(திரையில்: பழுப்பு நிறக் காய்கள்)

இது 'வூ பெய் சி'. பார்க்கக் காய் மாதிரி இருந்தாலும், ஒருவகை அசுவினிப் பூச்சி மர இலையில் உண்டாக்கும் புடைப்பு. நம் நாட்டு மருந்துக் கடை மாசிக்காயும் இப்படிப் பூச்சியால் வருவதுதான், மரம் வேறு. இரண்டிலும் டானின் அதிகம். டானின் தோலை இறுக்கும். அதனால் கஷாயத்தில் கையை ஊறவைப்பதில் ஒரு நியாயம் தெரிகிறது. ஆனால் இதன் பொடியைக் குழைத்துத் தொப்புளில் பூசும் வழக்கமும் உண்டு. தொப்புளில் பூசியது உள்ளங்கையை எப்படிக் காயவைக்கும்? எனக்குப் பிடிபடவில்லை.

தோல் மருத்துவரிடம் அலுமினியம் குளோரைடு, தண்ணீர் வழியாக லேசான மின்சாரம் செலுத்தும் சிகிச்சை, போடாக்ஸ் என்று சோதித்துப் பார்த்த வழிகள் இருக்கின்றன. முதலில் அங்கே போவதே சரி. இரவு வியர்வையோடு காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால் மூலிகை தேடி நாளைக் கடத்த வேண்டாம்; காசநோய்ப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.