முதல் ஆயிரம் டிகிரியின் இருட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

உலையில் காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார் கொல்லர். உயர் அழுத்த ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வதும் அதுதான். ஆனால் எங்கள் இரும்பு ஒரு தலைமுடியின் பருமன்தான் இருக்கும். ரேனியம் என்ற கடின உலோகத் தகட்டில் துளையிட்டு, அந்தத் துணுக்கை அதனுள் வைத்து, இருபுறமும் வைர முனைகளால் நெருக்குகிறோம். வைரம் ஒளியை உள்ளே விடும். அதன் வழியாகவே லேசரைப் பாய்ச்சிச் சூடேற்றலாம். மிங், பாசெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974-லேயே இப்படி 2,000 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டார்கள். 2004-இல் ஜப்பானியர்கள் வளிமண்டலத்தைப் போல 12 இலட்சம் மடங்கு அழுத்தத்தில், 2,500 கெல்வின் சூட்டில், பூமியின் மேலோட்டுக்கும் உட்கருவுக்கும் இடைப்பட்ட மூடகத்தின் அடிப்பகுதிக்கு உரிய புதிய கனிம அமைப்பைக் கண்டார்கள். நம் கல்பாக்கத்திலும் இத்தகைய லேசர் அமைப்பு உண்டு.

சூடேற்றுவது எளிது. அதை நிலைநிறுத்துவதுதான் பாடு. வைரம் வெப்பத்தை உறிஞ்சிக் கடத்திவிடும். உப்போ மக்னீசியம் ஆக்சைடோ இடையில் மெத்தைபோல் இல்லாவிட்டால் துணுக்கு சூடாகவே மறுக்கும். என் மாணவப் பருவத்தில் ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் லேசரின் குமிழைத் திருகுவார். ஒருநாள் பின்னிரவில் என் கை ஒரு கோடு அதிகம் திரும்பிவிட்டது. 'டிக்' என்று ஒரு சிறு ஓசை. வைரம் போயிற்று. அன்று யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

இப்போது அந்தக் குமிழைக் கணினி பிடித்திருக்கிறது. துணுக்கிலிருந்து வரும் ஒளியை நிறமாலைமானி அலைநீளவாரியாகப் பிரிக்கும். நிரல் அதை, சூட்டுக்கும் ஒளியின் நிறத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் பிளாங்க் விதியோடு பொருத்திச் சூட்டைக் கணித்து, லேசரின் திறனைக் கூட்டும் அல்லது குறைக்கும். கேட்க இலகுவாக இருக்கிறதல்லவா? ஆனால் ஏறத்தாழ ஆயிரம் கெல்வினுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் ஒளி மிகச் சொற்பம். அதுவரை நிரல் குருடு. இருட்டில் படியேறுகிறவனைப் போலத் திறனைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். இதற்கிடையில் துணுக்கின் மேற்பரப்பு மாறி, லேசரைத் திடீரென்று அதிகமாக விழுங்கத் தொடங்கினால் சூடு ஒரே தாவலில் ஏறிவிடும். ஆகவே நாங்கள் முதலில் எழுதும் விதி, தாவல் கண்டால் லேசரை அணை என்பதே. சூடான புள்ளியையும், துணுக்கின் அணு அமைப்பை அறிய நாங்கள் பாய்ச்சும் எக்ஸ் கதிர் விழும் புள்ளியையும் சில மைக்ரான் வித்தியாசத்துக்குள் ஒன்றாக வைத்திருப்பதும் நிரலின் வேலைதான். அதில் அது எங்களைவிடக் கெட்டி.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. திறனைக் கூட்டிக்கொண்டே போனாலும் சூடு ஏறாமல் நிற்பதுண்டு. துணுக்கு உருகியதன் அறிகுறியாகப் பலர் இதைக் கொள்கிறார்கள். சர்ச்சை இன்னும் ஓயவில்லை. நிரலுக்கு இதெல்லாம் தெரியாது. இலக்கை எட்டவில்லையே என்று லேசரை மேலும் மேலும் முடுக்கும், உருகியது ஒழுகி இடம் மாறும் வரை. அதனால் எங்கள் நிரலில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். சூடு நின்றால் நிரலும் நின்று, ஒரு மணி அடிக்கும். இரவுப் பணியில் இருப்பவர் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்து திரையைப் பார்ப்பார்.

வணக்கம்.