ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள்

வணக்கம். இந்த உரையைக் கேட்டுக்கொண்டே சமைக்கிறவர்கள், மாட்டுக்குத் தண்ணி வைக்கிறவர்கள், கடையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் முதலிலேயே ஒரு வேலை தருகிறேன். சுவரில் கலண்டர் தொங்கும், அதைப் பாருங்கள். வலக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இடக் கண்ணால் திகதியை வாசியுங்கள். பிறகு மாற்றிப் பொத்துங்கள். விரல்களால் பொத்த வேண்டாம். விரல் இடுக்கால் மற்றக் கண் எட்டிப் பார்த்துவிடும். சின்னப் பிள்ளைகள் மட்டுமல்ல, பேரப்பிள்ளை கண்டவர்களும் எங்கள் கிளினிக்கில் இதைத்தான் செய்கிறார்கள், அதுவும் தங்களுக்கே தெரியாமல். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டு கேட்கிறவர்கள் மட்டும் வீட்டுக்குப் போய்ச் செய்தால் போதும்.

நான் டொக்டர் இல்லை. வன்னியில் ஒரு கண் கிளினிக்கில் பார்வை அளக்கிற வேலை எனக்கு. டொக்டரிடம் போகுமுன் என்னிடம்தான் வருவீர்கள்.

காலபோக வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு நாள். அறுபது தாண்டிய ஒரு கமக்கார ஐயாவை மகன் கையில் பிடித்துக் கூட்டி வந்தார். வெட்டு மெசினுக்குப் பின்னால் நின்றபோது ஐயாவின் வலக் கண்ணுக்குள் சுனை விழுந்திருக்கிறது. கசக்கிக்கொண்டு அந்தக் கண்ணை மூடியிருக்கிறார். நல்ல வெயிலில் வயல் அப்படியே இருண்டுவிட்டது. மெசின் சத்தம் கேட்கிறது, மெசினைக் காணவில்லை. பயந்துபோய் வரம்பிலேயே குந்திவிட்டாராம்.

டொக்டர் கண்ணைக் கழுவி, மேல் இமையைப் பிரட்டி, ஒட்டியிருந்த உமித் துண்டை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கண் எழுத்துப் பலகையில் ஐந்தாவது வரி வரைக்கும் வாசித்தது. சரி, மற்றக் கண்ணையும் பார்ப்போம் என்று வலக் கண்ணைப் பொத்தினேன். பலகையின் உச்சியில் இருக்கிற ஒற்றைப் பெரிய எழுத்துக்கூடத் தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். ஆடுவது மட்டும் ஒரு பக்கத்தால் தெரிகிறது என்றார்.

“இது எப்ப தொடக்கம் ஐயா?”

“இண்டைக்குக் காலமை தொடக்கம்தான் பிள்ளை. அந்தச் சுனையாலதான்.”

சுனை விழுந்தது வலக் கண்ணில். இடக் கண் போய்ப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

இது அவருடைய கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். வற்றாப்பளை அம்மன் கிழவியாக வந்து பேன் பார்க்கச் சொன்னபோது, மாடு மேய்த்த பொடியன்கள் அவள் தலையில் ஆயிரம் கண்களைக் கண்டார்கள் என்று ஊர்க்கதை இருக்கிறதே. நமக்கு இருப்பது இரண்டு. அந்த இரண்டும் ஒன்றின் குறையை மற்றது மூடி மறைக்கிற மாதிரித்தான் அமைந்திருக்கின்றன. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது மூளை நல்ல கண்ணின் படத்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். நோவும் இல்லை, சிவப்பும் இல்லை. எப்படித் தெரியும்?

நான் சொன்ன எழுத்துப் பலகை நெதர்லாந்துக் கண் வைத்தியர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் செய்தது. அதை 6 மீற்றர் தூரத்தில் இருந்து வாசிக்க வேண்டும். உங்கள் கிளினிக் கொப்பியில் 6/6, 6/18 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல கண் 18 மீற்றரில் நின்று வாசிப்பதை உங்கள் கண் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கிறது என்பதுதான் 6/18. எழுத்துத் தெரியாதவர்களுக்கு நான்கு பக்கமும் திரும்பி நிற்கிற ஆங்கில ‘E’ எழுத்துப் பலகை உண்டு, கையால் திசை காட்டினால் சரி. ஆகவே ‘எனக்குப் படிப்பில்லை, அதால வரேல்லை’ என்று சொல்லத் தேவையில்லை. வரிசையில் நின்றபடி முன்னுக்கு நிற்பவர் சொல்வதைப் பாடமாக்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது என்ன சோதினையா, ‘பாஸ்’ பண்ணுவதற்கு?

எங்களிடம் வருகிற வயதானவர்களில் பெரும்பங்கு வெண்புரைதான். கண்ணுக்குள் இருக்கிற வில்லை பளிங்கு மாதிரி இருந்து மெல்ல மெல்லக் கஞ்சித் தண்ணி மாதிரி ஆகிவிடும். வயது ஒரு காரணம். சீனி வருத்தம், கண்ணில் பட்ட அடி, நெடுநாள் எடுத்த ஸ்டீரொயிட் மருந்து இவையும் அதை வேளைக்கே கொண்டுவரும். ‘முத்தட்டும், பிறகு வெட்டுவம்’ என்று இன்னமும் சொல்கிறார்கள். அது பழைய கதை. உங்கள் வேலைக்குப் பார்வை போதாமல் வந்துவிட்டால் அதுவே நேரம். முற்ற விட்டால் ஒப்பரேஷன் கடினமாகும், சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தமும் ஏறும். பெரும்பாலும் கண்ணை மட்டும் விறைக்கப்பண்ணி, அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை ஒன்றை வைப்பார்கள்.

அந்தச் செயற்கை வில்லை வந்த கதை வன்னி ஆட்கள் கேட்க வேண்டியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளின் விமானக் கூண்டு உடைந்து, அதன் பிளாஸ்ரிக் துண்டுகள் அவர்களுடைய கண்ணுக்குள் போயின. லண்டன் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார்: அந்தத் துண்டுகள் கண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன, ஆனால் கண் அவற்றோடு சண்டை பிடிக்கவில்லை. அப்படியென்றால் அதே பொருளில் வில்லை செய்து வைத்தால் என்ன? 1949இல் வைத்தார்.

இரும்புத் துண்டு அப்படிச் சாதுவானது இல்லை. இதைக் கேட்பவர்களில் ஷெல் பீஸ் பட்டவர்கள், வெடி அதிர்ச்சியில் முகத்தில் அடிபட்டவர்கள் இருப்பீர்கள். ‘அது 2009இல் பட்டது, காயம் மாறிவிட்டது’ என்பீர்கள். கண்ணைப் பொறுத்தவரை மாறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட கண்ணில் புரையும் அழுத்தமும் பத்து வருடம், அதற்கும் கூடக் கழித்து வரலாம். உள்ளே தங்கிய இரும்பு மெல்லத் துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும். ஆகவே ஒருமுறை வந்து காட்டுங்கள். இன்னொன்று, எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்க எங்கு அனுப்பினாலும், உடம்பில் பீஸ் இருக்கிறது அல்லது இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரத்துக்குள் இருப்பது பலமான காந்தம். கண்ணுக்குள் இரும்பு இருந்தால் இழுத்து அசைத்துவிடும்.

சீனி வருத்தக்காரருக்கு என் பேச்சு கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். சீனி இருக்கிறது என்று தெரிந்தவுடனேயே ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை, விழித்திரையைப் பார்க்க வேண்டும். பார்வை நன்றாக இருந்தாலும்தான். விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது. தெரிகிற நேரம் பெரும்பாலும் பிந்திவிடும். முந்தி வந்தால் லேசரும் ஊசியும் இருக்கின்றன. சீனி ஏறி இறங்கும்போது கண்ணாடி நம்பரும் கூடிக் குறையும் என்பது பலருக்குத் தெரியாது. ஓர் அம்மாவுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் ஒரே வருடத்தில் மூன்று கண்ணாடி விற்றிருந்தார்கள். சீனி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

விழித்திரை பார்க்கக் கண்மணியை விரிக்கிற மருந்து விடுவோம். அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். பிறகு நாலைந்து மணித்தியாலம் கிட்டத்தில் எழுத்து மங்கும், வெயில் கூசும். மல்லாவியில், ஒட்டுசுட்டானில் இருந்து விடியப்புறமே பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: அன்றைக்கு மோட்டார் சைக்கிளைத் தனியாக ஓட்டி வராதீர்கள், ஓர் ஆளும் ஒரு தொப்பியும் கொண்டு வாருங்கள். மருந்து விட வேண்டாம் என்று சண்டை பிடித்துத் திரும்பிப் போனால் அந்தக் கூலியும் வீண்தானே.

நாற்பது தாண்டினால் வருகிற வெள்ளெழுத்து வருத்தமே இல்லை. வில்லை இறுகிவிடுகிறது, அவ்வளவுதான். திருவிழாக் கடையில் வாங்கிய கண்ணாடியால் கண் கெடாது. ஆனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே நம்பர் போட்ட கண்ணாடி அது. முக்கியமாக, அதை வாங்கியவர் கிளினிக் பக்கம் வருவதில்லை. வெயிலிலும் தூசியிலும் நிற்பவர்களுக்குக் கண் வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழிக்கு மேல் ஏறும், அது புரை அல்ல. நடுக் கண்ணை நெருங்கினால்தான் வெட்டுவார்கள், வெட்டினாலும் திரும்ப வளரலாம். தொப்பி போடுங்கள்.

பிள்ளைகளின் விசயம் அவசரமானது. ஒரு கண்ணில் மட்டும் நம்பர் கூடிய பிள்ளை ஓடும், விளையாடும், ரீவி பார்க்கும். பாவிக்காத கண்ணைப் பார்க்க மூளை பழகாமலே போய்விடும். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி, சோம்பல் கண்ணை வேலை செய்ய வைக்கலாம். பிந்தினால் கஷ்டம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள், தயவுசெய்து. வீட்டிலேயே ஒரு விளையாட்டாக ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். ஒரு கண்ணைப் பொத்தும்போது சும்மா இருக்கிற பிள்ளை மற்றதைப் பொத்தினால் மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா? உடனே கொண்டு வாருங்கள்.

நோகிற கண்ணுக்கு ஆட்கள் உடனே ஏதாவது செய்வார்கள். அந்த ஏதாவதுதான் பிரச்சினை. நெல்லோ ஓலையோ கருவிழியில் கீறினால் முலைப்பால் விடுகிறார்கள், நந்தியாவட்டைப் பூவைப் பிழிகிறார்கள். நந்தியாவட்டை மேல் எனக்குக் கோபம் இல்லை, எங்கள் வீட்டு முற்றத்திலும் நிற்கிறது. ஆனால் பிழிகிற விரலில் இருக்கிற கிருமி, கீறலுக்குள் போனால் புண்ணாகும். பங்கசுப் புண் என்றால் மாதக் கணக்கு. அதைவிட மோசம், போன வருடம் யாருக்கோ எழுதிய ஸ்டீரொயிட் துளி மருந்தை எடுத்து விடுவது. சிவப்பு அடங்கும், உள்ளே புண் பெருகும். கடைசியில் வெள்ளைத் தழும்பு விழுந்தால் செத்தவர் தானமாகக் கொடுத்த கருவிழிதான் வழி. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் வெளிநாடுகளுக்குக்கூடக் கருவிழி அனுப்புகிறது. ஆனால் கீறின அன்றைக்கே கிருமி கொல்லுகிற ஒரு களிம்போடு முடிய வேண்டிய விசயம் அது.

சுண்ணாம்போ களைநாசினியோ பட்டால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். முதலில் கிணற்றடிக்கு ஓடுங்கள். இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது இருபது நிமிடம் நல்ல தண்ணியை ஊற்றுங்கள். பிறகு வாருங்கள்.

அந்தக் கமக்கார ஐயாவுக்கு வருவோம். அவருக்கு இருந்தது குளுக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கருகி, பார்வை ஓரத்தில் இருந்து சுருங்கிக்கொண்டு வருகிற வருத்தம். இடக் கண் இனித் திரும்பாது என்று டொக்டர் சொன்னபோது ஐயா ஒன்றும் பேசவில்லை. வலக் கண்ணிலும் ஓரம் சுருங்கத் தொடங்கியிருந்தது. “அதுதான் பிள்ளை, மாடு பக்கத்தில வந்து முட்டுமட்டும் தெரியிறதில்லை” என்றார் கொஞ்சம் கழித்து. துளி மருந்தைத் தினமும் சொன்ன நேரத்துக்கு விட்டால், மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றலாம். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. எல்லோரையும் கூட்டி வாங்கோ என்றோம். வழமையாக யாரும் கூட்டி வருவதில்லை.

அடுத்த கிளினிக்குக்கு ஐயா லாண்ட் மாஸ்டர் பெட்டியில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார், மகன் ஓட்டினார். தங்கச்சிக்காரி இறங்கும்போதே “எனக்கு ஒண்டுமில்லை, அண்ணையின்ர கரைச்சலுக்கு வந்தனான்” என்றார். அவருக்குத்தான் இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடியிருந்தது. பார்வை இன்னும் ஒன்றும் குறையவில்லை. இரவு மருந்து விடுகிறாரா என்று கேட்டால், விடாமல் இருக்க வழியில்லை என்கிறார். ஒன்பது மணிக்கு அண்ணன் போன் எடுத்து, “விட்டிட்டியோ?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாராம்.