பெரியம்மாவுக்கு இனிப் பேரீச்சம்பழ சிரப் வாங்கி வராதீர்கள்

வணக்கம் நேயர்களே. சென்ற காணொளியில் வாக்களித்த கம்பு தோசை அடுத்த வாரம் வரும். இன்று எனக்கு இருக்கும் எரிச்சலில் அடுப்பைப் பற்றவைக்க முடியாது. எங்கள் பெரியம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9.4 கிராம் என்று முடிவு வந்ததிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு பேரீச்சம்பழ சிரப் பாட்டிலோடுதான் வருகிறார்கள். ஃபிரிட்ஜின் மேல்தட்டைப் பாருங்கள், தயிர்ப் பாத்திரம் வைக்க இடமில்லை. இன்னும் சிலர் பீட்ரூட் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். பீட்ரூட்டுக்கும் எனக்கும் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும்; அந்தப் பகையை ஒதுக்கிவைத்தே சொல்கிறேன், 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை.

பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை. ஆனால் அந்த எண் குறைந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லுமே தவிர, ஏன் குறைந்தது என்பதைச் சொல்லாது. பெரியம்மாவுக்குப் பல ஆண்டுகளாக முடக்குவாதம். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, மாத்திரை அட்டையைக்கூட நான்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். இப்படி நீடித்த அழற்சி இருக்கும் உடலில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு ரத்தத்தில் சேர்வதைத் தடுப்பதோடு, பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து இரும்பை மீட்கும் செல்களிலிருந்தும் அதை வெளியே விடுவதில்லை. உணவிலிருந்து ஒரு நாளில் நாம் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். எலும்பு மஜ்ஜை நம்பியிருக்கும் 20 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட இரும்பு அந்தப் பழைய அணுக்களிலிருந்தே வருகிறது. குதிர் நிறைய நெல் இருந்தும் அதன் வாயை அடைத்துவிட்ட நிலைதான் இது.

இதைக் கண்டுபிடிக்க, உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பரிசோதனை வேண்டும். எங்கள் தெருமுனை லேபில் 850 ரூபாய் என்றார்கள். நான் சும்மா இருப்பேனா? அடுத்த தெருவில் கேட்டேன், 700. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள லேபில், மூத்த குடிமக்கள் சலுகை உண்டா என்று கேட்டதும் 500 ரூபாய்க்கு முடித்தார்கள். ரசீதை இதோ கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், 350 ரூபாய் மிச்சம். ஒன்றை விட்டுவிட்டேன்: அதோடு, உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் எடுக்க வேண்டும். அழற்சி இருந்தால் ஃபெர்ரிட்டின் தானாகவே உயர்ந்து நம்மை ஏமாற்றும் என்பதால், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்று இருக்கும் பற்றாக்குறை எல்லையை, அழற்சி உள்ளவர்களுக்கு 70 என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. பெரியம்மாவுக்கு 186, சி.ஆர்.பி.யும் அதிகம். மருத்துவர் முடக்குவாத மருந்தைத்தான் மாற்றினார், சத்து மாத்திரை எழுதவில்லை.

இதைக் கேட்டுவிட்டு முருங்கைக்கீரையைக் கைவிட்டுவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதில் உணவுக் குறைவுக்கும் மாதவிடாய் இழப்புக்கும் பெரும் பங்கு உண்டு. கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்துங்கள், டீ இல்லாமல் பேசவே வராத நானே இப்போது ஒரு மணி நேரம் தள்ளித்தான் குடிக்கிறேன். பற்றாக்குறையும் அழற்சியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கதை வேறு: சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் அங்கே போதுமான அளவு சுரப்பதில்லை. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், சிரப் வாங்குவதற்கு முன் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது புண்ணாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சர்க்கரை நோய்க்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, சிவப்பணு உருவாகத் தேவையான வைட்டமின் பி12 குறையக்கூடும். அப்பா அந்த வகை என்பதால் அவருக்கும் அதே லேபில் ரத்தம் கொடுத்திருக்கிறோம். முடிவு திங்கட்கிழமை வந்ததும் பின்னூட்டத்தில் எழுதுகிறேன்.