காரணம்: முடியவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

செவிலியராக 26 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அதில் கடைசி ஏழு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பொறுப்புச் செவிலியர். யாருக்கு எந்த டூட்டி, யாருக்கு லீவு என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் நடக்கும். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கொரோனா கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவத் துறைப் பெண்கள் பட்ட பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு லீவு படிவத்திலிருந்து தொடங்குகிறேன்.

2020ஆம் ஆண்டு. எங்கள் பிரிவிலேயே வயதில் சின்னவள் அந்தப் பெண். தொடர்ந்து ஒன்பது நைட் டூட்டி பார்த்திருந்தாள். காலையில் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைத்த கையோடு படிவத்தை என்னிடம் நீட்டினாள். 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: 'முடியவில்லை'. 'உடம்பு முடியவில்லை' என்று எழுதுவதுதான் வழக்கம். அவள் 'உடம்பு' என்பதை விட்டுவிட்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இப்படி எழுதினால் மேலே அனுப்ப முடியாதும்மா, காய்ச்சல் என்று எழுதிக் கொண்டு வா" என்றேன். "காய்ச்சல் என்றால் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள் சிஸ்டர். நெகட்டிவ் வந்துவிட்டால் மறுபடி டூட்டிதான்" என்று சொல்லிவிட்டு, படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். அன்று ராத்திரியும் வேலைக்கு வந்தாள்.

அவள் சொன்ன அந்த 'முடியவில்லை'க்கு 1974இலேயே ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 'பர்ன்அவுட்' என்று பெயர் வைத்துவிட்டார். தமிழில் பணிச்சோர்வு என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. சோர்வு என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். இது அடிப்பிடிப்பது மாதிரி. பால் பொங்கினால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடிப்பிடித்தால் தீய்ந்த வாசனை வரும்வரை யாருக்கும் தெரியாது.

2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. இதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றார்கள். மூன்று அடையாளங்களும் சொன்னார்கள். சக்தியெல்லாம் வற்றிப்போவது ஒன்று. என்ன செய்தும் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது இன்னொன்று. மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்தியது: வேலையை விட்டு மனசு விலகி, எதிலும் கசப்பும் எகத்தாளமும் வருவது. எங்கள் பிரிவில் நோயாளிகளின் பேரப்பிள்ளைகள் பெயர்வரை தெரிந்து வைத்திருக்கும் ஒரு சிஸ்டர் இருந்தார். ஒருநாள் அவர், "ஏழாம் நம்பர் முடிந்ததா? பெட் காலிதானே?" என்று கேட்டார். கேட்டது அவர் காதிலேயே விழவில்லை. எனக்கு விழுந்தது. நானும் பதிலுக்கு, "இல்லை, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்றேன்.

சரி, இதில் பெண்கள் என்று ஏன் தனியாகப் பேச வேண்டும்? ஆண்களுக்கும் களைப்பு உண்டுதானே? உண்டு. ஆனால் உலக அளவில் மருத்துவ, சமூகப் பராமரிப்புப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள். செவிலியர்களில் 90 சதவீதத்துக்குப் பக்கம். தலைமைப் பொறுப்புகளிலோ பெண்கள் கால்பங்குதான். கவச உடையைப் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் ஒரு பக்கம், எத்தனை உடை, என்ன அளவு, எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்பவர்கள் இன்னொரு பக்கம்.

அந்த உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'எல்லோருக்கும் பொது' என்று வந்த அளவு பெரும்பாலும் ஆணின் உடம்புக்குத்தான் பொருந்தும். கால்பகுதி தரையில் இழுபடும். மடித்துப் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வோம். முகக்கவசம் சின்ன முகத்தில் சரியாகப் படியாது. மூக்குப்பக்கம் இடைவெளி விழும், மூச்சுவிடும்போது கண்ணாடியில் ஆவி படியும். இறுக்கிக் கட்டினால் கன்னத்தில் தோல் உரியும். ஒருமுறை கழற்றினால் அந்த உடை வீண் என்பதால் டூட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்தோம் என்று இதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம், சில நாள் எட்டு மணி நேரம் நின்றோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தொடையெல்லாம் புண்.

இதைவிடக் கனமானது போன். உறவினர்கள் உள்ளே வரக்கூடாது. அதனால் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு போனை நோயாளியின் காதருகே நாங்கள் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு மகன் தன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதை நான் அப்படித்தான் கேட்டேன். எதற்கு மன்னிப்பு என்று எனக்குத் தெரியாது. அம்மா வென்டிலேட்டரில் இருந்தார். "அம்மாவுக்குக் கேட்டதா சிஸ்டர்?" என்றார் அவர். "கேட்டது" என்றேன். போனை வைத்துவிட்டு உறையைத் துடைத்தேன், அடுத்த கட்டிலுக்குப் போனேன். இந்த வேலை எந்த டூட்டி அட்டவணையிலும் இல்லை. இதை எப்போதும் பெண்களிடம்தான் கொடுத்தார்கள், "உங்களுக்குத்தான் பக்குவமாகப் பேசத் தெரியும்" என்று.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எங்களில் ஒருவருக்கு நாலு நோயாளிகள், சில இரவுகளில் ஆறு. இரண்டு அலாரம் ஒன்றாக அடித்தால் எதற்கு முதலில் ஓடுவது? எதற்கு ஓடினாலும் இன்னொன்று மனசில் தங்கிவிடும். போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்களிடம் மனநல மருத்துவர்கள் இதைப் பார்த்து, 'அறக்காயம்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். எது சரி என்று தெரிந்தும் அதைச் செய்ய வழியில்லாதபோது உண்டாகும் காயம் அது.

அப்புறம் வீடு. சம்பளமில்லாத வீட்டுவேலையிலும் பராமரிப்பிலும் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள்தான் செய்கிறார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் சொன்ன கணக்கு. கொள்ளைநோயில் பள்ளிகளையும் மூடிவிட்டார்கள். டூட்டி முடிந்து வந்து, துணியை வாளியில் ஊறப்போட்டு, குளித்து, பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார் என் தோழி. கதவுக்கு அடியில் நோட்டு வரும், திருத்தின நோட்டு போகும். அவளுடைய கணவரும் அதே மருத்துவமனையில் டாக்டர்தான். அவருக்குத் தனி அறையும் தூக்கமும் கிடைத்தன. அவர் நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் உட்காரலாமே என்று அந்த வீட்டில் யாருக்கும், என் தோழிக்கும்கூட, தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் ஊரெல்லாம் எங்களுக்காகக் கை தட்டியது. 2020ஐச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் முன்பே அறிவித்திருந்தது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த 200ஆவது ஆண்டு என்பதால். கைதட்டல் கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் 'தேவதைகள்' என்றார்கள் பாருங்கள், அதுதான் உறுத்தியது. தேவதைக்குப் பசிக்காது, தூக்கம் வராது, மாதவிலக்கு வராது. தேவதை லீவு கேட்டால் யாருக்கும் புரியாது. 2020 தொடக்கத்திலிருந்து 2021 மே வரை இந்தத் தொற்றில் 80,000 முதல் 1,80,000 மருத்துவப் பணியாளர்கள்வரை இறந்திருக்கலாம் என்று அதே நிறுவனம்தான் பின்னால் மதிப்பிட்டது.

நிர்வாகம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மன அமைதிக்கு மூச்சுப்பயிற்சி வகுப்பு வைத்தார்கள், நைட் டூட்டி முடிந்த காலை எட்டு மணிக்கு. எல்லோரும் உட்கார்ந்தபடியே தூங்கினோம். அந்த அளவில் அது நல்ல வகுப்புதான்.

நிஜமாக உதவியது வேறு. கவச உடையில் நாலு மணி நேரத்துக்கு மேல் யாரும் நிற்கக்கூடாது என்று சண்டை போட்டு வாங்கினோம். டூட்டி அட்டவணையை இரண்டு வாரம் முன்பே சுவரில் ஒட்டினோம். அடுத்த வாரம் என்றைக்குத் தூங்கலாம் என்று தெரிந்தாலே முகம் மாறிவிடுகிறது. ஒரு மரணம் நடந்தால், பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் பத்து நிமிடம் வெளியே போய் உட்காரலாம் என்றும் வைத்துக்கொண்டோம். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவருடைய நோயாளிகளை நான் பார்ப்பேன். இதையெல்லாம் முதல் மாதமே செய்திருக்கலாம். நானும் கேட்கவில்லை.

படிவத்தை மடித்துக்கொண்டு போன பெண் ஒரு வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டாள். ராஜினாமா கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று இருந்தது. அதை மேலே அனுப்புவதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை.

போன மாதம் பயிற்சி வகுப்பில் 31 பேருக்கும் ஆளுக்கு ஒரு லீவு படிவம் கொடுத்தேன். "எட்டு நைட் முடித்திருக்கிறீர்கள், காய்ச்சல் கிடையாது, நாளைக்கு வர முடியாது. நிரப்புங்கள்" என்றேன். பாதிப்பேர் வயிற்றுவலி என்று எழுதியிருந்தார்கள். நாலைந்து கல்யாணம். இரண்டு தாத்தாக்கள் இறந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"பொய் எழுத மனசு வரவில்லை மேடம். உண்மையை எழுதினால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?" என்றாள்.

வணக்கம்.