பொருள் தெளிவாகாத மாறுபாடு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய், நான்கு வயது மகனை இடுப்பில் சுமந்தபடி, புதுச்சேரியில் நான் பணிபுரியும் மரபணு ஆலோசனைப் பிரிவுக்கு வந்தார். பையனுக்கு அதுவரை நடை வரவில்லை. அவனுக்கு முன் பிறந்த பெண் குழந்தை இரண்டு வயதிலேயே இறந்திருந்தது. ஊதா மூடி போட்ட சிறு குழாயில் இரத்தம் எடுத்து, ஐஸ் பொதிகளுக்கு நடுவே வைத்து, கூரியரில் வெளி மாநிலத்துக்கு அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து வந்த அறிக்கையில், ஒரு மரபணுவில் "பொருள் தெளிவாகாத மாறுபாடு" இருப்பதாக எழுதியிருந்தார்கள். "அப்படின்னா நோய் இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்று அந்தத் தாய் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் பதில் ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன். மனித மரபணுத் தொகுப்புத் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் நிறைவடைந்தது. 2001-இல் ஒரு மனிதரின் முழு மரபணுத் தொகுப்பைப் படிக்கச் சுமார் பத்துக் கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இன்று ஆயிரம் டாலருக்கும் குறைவாகவே ஆகிறது. ஆகவே மரபணுவின் வேதி எழுத்துகளைப் படிப்பது பெரிய சிரமமில்லை. படித்ததில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அது நோயின் காரணமா, நம் பகுதியில் நல்ல உடல்நலத்தோடு வாழும் பலரிடமும் இருப்பதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீட்டுத் தரவில்தான் நாம் இல்லை. மரபணுத் தொகுப்பு முழுவதையும் அலசிய ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 2009-இல் 96 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். 2016-இலும் அது 81 விழுக்காடாக இருந்தது.

நம் இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியவரும் செய்திகள் உண்டு. ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டு, இதயத் தசையை நலிவுறச் செய்யும் மாறுபாடு ஒன்று, தெற்காசியர்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருப்பது 2009-இல் வெளியானது. ஐரோப்பியரை மட்டுமே ஆராய்ந்துகொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. இன்னொன்று, அறுவை அரங்கில் எழுந்த கேள்வி. ஸ்கோலின் என்ற தசைத்தளர்வு மருந்தின் விளைவு சில நிமிடங்களில் நீங்கிவிட வேண்டும். ஆனால் அதை உடைக்கும் நொதி குறைந்தவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்புவதில்லை. இந்தக் குறை ஆரிய வைசியர் சமூகத்தில் கூடுதலாக இருப்பதை நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்கள் கவனித்ததால்தான் ஆராய்ச்சியாளர்கள் அதன் மரபணுக் காரணத்தைத் தேடிக் கண்டார்கள்.

கண்டுபிடிப்பு மட்டும் போதாது என்பதற்கும் நம் மலையிலேயே சான்று இருக்கிறது. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்க்குக் காரணமான அரிவாள் செல் பண்பு இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. அந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்றுதான் தொடங்கியது. இடையில் சிலர் மனமார உழைத்தார்கள் என்றாலும், எழுபத்தோர் ஆண்டுகள் என்பது மூன்று தலைமுறை.

ஆப்பிரிக்க மக்களின் மரபணுக்களையும் நோய்களையும் ஆராய 2012 முதல் 2022 வரை அங்கே நடந்த எச்-3-ஆப்பிரிக்கா திட்டத்தை நான் மிகுந்த மதிப்போடு பார்க்கிறேன். பணம் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தது; ஆனால் ஆய்வுகளை ஆப்பிரிக்க அறிவியலாளர்களே தலைமையேற்று நடத்தினார்கள். மாதிரிகளைக் காக்கும் உயிரி வங்கிகள் நைஜீரியா, உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் அமைந்தன. கணினியில் மரபணுத் தரவைப் படிக்கும் பயிற்சியை 2016 முதல் ஒரே நேரத்தில் பல நாட்டு வகுப்பறைகளுக்குக் கொண்டுசென்றார்கள். விரிவுரை காணொளியில் வரும், சந்தேகம் தீர்ப்பவர் அந்த ஊர்க்காரராக அதே அறையில் இருப்பார். 2020-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், 50 இனமொழிக் குழுக்களைச் சேர்ந்த வெறும் 426 பேரிடமிருந்து, அதுவரை யாரும் பதிவுசெய்யாத முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாறுபாடுகள் கிடைத்தன.

நம் நாட்டிலும் பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுப்பைப் படிக்கும் ஜீனோம் இந்தியா திட்டம் 2020-இல் தொடங்கி, அதன் தரவு 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஃபரிதாபாத்தில் சேமித்திருக்கும் அந்தத் தரவை, கடலூர் நோயாளிக்காக எடுத்துப் படிக்கும் ஆள் இங்கே வேண்டும். சிதம்பரத்திலும் புதுச்சேரியிலும் இந்தக் கணினிவழிப் படிப்பான உயிர்த்தகவலியல் படித்த பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; மூன்றாண்டு ஆராய்ச்சித் திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்துபோகும் என்றால், எவர்தான் இருப்பார்? இந்த ஊரால் முடியாது என்பதும் இல்லை. பெருங்கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் மருந்தியல் துறையினர், வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதிகளின் மரபணு வேறுபாடுகளைத் தென்னிந்தியரிடம் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆட்கள் என்று சொல்லும்போது நான் விஞ்ஞானிகளை மட்டும் நினைக்கவில்லை. குடும்ப வரைபடம் எழுதும் செவிலியரையும் நினைக்கிறேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், உறவில் மணந்தவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு என்பது அதன் முறை. ஒரு பெண் "அத்தை" என்று சொன்னால் அது அப்பாவின் உடன்பிறந்தவராக இருக்கலாம், தாய்மாமன் மனைவியாக இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். அக்காள் மகளை மணக்கும் வழக்கமுள்ள வீட்டில் ஒருவரே இரண்டு உறவாகவும் நிற்பார். "அப்பாவோட கூடப் பிறந்த அத்தையா, மாமாவைக் கட்டின அத்தையா?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த செவிலியர் ஒருவர் எங்கள் பிரிவில் இருக்கிறார். அவர் எழுதும் வரைபடத்தில் ஒரு கோடுகூடத் தவறுவதில்லை. தாய்மாமனை மணந்தால் பிறக்கும் குழந்தை, ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே மரபணுவின் இரு படிகளையும் பெறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் பதினாறில் ஒன்று. வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் கணக்கே மாறிவிடும்.

இங்கே நமக்கு வேண்டியவற்றில் தடைபடாத மின்சாரமும் சேரும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, நான் அப்போது இருந்த ஓர் ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி நின்றுவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது குழாய்கள் நீரில் மிதந்தன. ஆர்.என்.ஏ. முழுவதும் சிதைந்துவிட்டது, டி.என்.ஏ.வில் ஒரு பகுதியை மட்டுமே மீட்டோம். அந்தக் குடும்பங்களிடம் திரும்பப் போய், மறுபடி கை நீட்டுங்கள் என்று கேட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

முதுநகர்த் தாய் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தங்கைக்கு உறவிலேயே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். தேதி குறிப்பதற்கு முன் இருவரின் இரத்தத்தையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். வரச் சொன்னேன். குழாய்கள் கூரியரில் போயிருக்கின்றன. அந்த மாறுபாடு இருவரிடமும் இருக்கிறதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று சொல்ல, அதே கடற்கரையில் நலமாக வாழும் சில நூறு பேரின் தரவு எனக்கு வேண்டும். அது இன்னும் எங்கும் இல்லை.

வணக்கம்.